நாலு பங்குப் புட்டு

2004ஆம் ஆண்டு ஒக்டோபர் பதினெட்டாம் திகதி, திங்கட்கிழமை பின்னேரம் ஆறேகாலுக்கு, றோசா தன் தம்பி எமிலியானுஸைச் சாப்பிடக் கூப்பிட்டாள். செத்து எழுபத்தொரு வருடமான ஒரு மனிதர் வந்து மேசையில் இருந்தார். அன்று புட்டும் கணவாய்க் கறியும். இடம், மொன்றியலின் லாசால் பகுதியில் நாலுமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி. வந்தவருக்கு முப்பத்துநாலு வயது மதிக்கலாம். கைகள் வற்றிக் குச்சியாயிருந்தன, கால்கள் மட்டும் வீங்கியிருந்தன. சப்பாத்துக்குப் பதிலாகச் சாக்குத் துணி சுற்றி, பொத்தான் இல்லாத கோட்டை இடுப்பில் கயிற்றால் கட்டியிருந்தார். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைத் தட்டிவிட்டுத் திரும்பிய றோசா, தம்பியோடு வேலை செய்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்தாள். எமிலியானுஸுக்கு மொன்றியல் துறைமுகத்தில் கொண்டெய்னர் இறக்கும் வேலை. புதிதாக நாட்டுக்கு வந்த போலந்துக்காரனையோ றுமேனியாக்காரனையோ முன்பும் இரண்டொரு தரம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கடைசியாக அறையிலிருந்து வந்து சேர்ந்த எமிலியானுஸோ, கோயிலிலிருந்து அக்காவிடம் அனுப்பிவிட்ட ஆளாக்கும் என்று நினைத்தான். சாப்பிட வந்தவரிடம் பெயர் கேட்டுவிட்டுத் தட்டு வைக்கிற பழக்கம் யாழ்ப்பாணத்துக் குருநகரில் அவர்கள் வளர்ந்த வீட்டில் இருக்கவில்லை, லாசாலிலும் இல்லை.

அந்த மனிதர் புட்டை உடனே சாப்பிடவில்லை. உள்ளங்கையின் ஓரத்தால், கத்தியால் வெட்டுவதுபோல, அதை நாலாகப் பிரித்தார். மூன்று பங்கு ஒரே அளவு, நாலாவது சிறியது. மூன்றையும் ஒவ்வொன்றாக அள்ளிக் கோட்டின் உட்பையில் வைத்தார். சிறியதை ஒவ்வொரு மணியாகச் சாப்பிட்டார். கடைசியில் விரலை நனைத்து, தட்டில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவையும் எடுத்து வாயில் வைத்தார். றோசா தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பியபோது கதிரையில் ஆள் இல்லை. கதிரைக்குக் கீழே கொஞ்சம் ஈரமண் கிடந்தது. லாசாலில் எங்கே தோண்டினாலும் அப்படிக் கறுத்த மண் வராது.

"அக்கா, ஆர் உந்தாள்?"

"உன்ரை சிநேகிதன் எண்டெல்லோ நினைச்சன்."

"என்ரை சிநேகிதர் கோட்டுக்குக் கயிறு கட்டிறேல்லை."

"அப்ப வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?"

"நீ புட்டைப் போட்டுக் குடுத்திட்டாய். அதுக்குப் பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது?"

றோசாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது, எமிலியானுஸுக்கு நாற்பத்தொன்று. இருவரும் கலியாணம் செய்யவில்லை. அதைப் பற்றி மற்றவர்கள்தான் கவலைப்பட்டார்கள். றோசா உறைந்த பீட்சா அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நாலு மணி வரை நின்றுவிட்டு வந்து சமைப்பாள். எமிலியானுஸ் அதிகாலை வேலை முடித்து வந்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படுத்திருப்பான். முதல் அழைப்புக்கு அவன் எழும்பியதே கிடையாது. ஆகவே அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு மூன்று அழைப்புகள் இருந்தன. முதலாவது, தம்பி. இரண்டாவது, டேய் எமில். மூன்றாவது, கரண்டியால் சட்டியில் தட்டிக்கொண்டு, ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதியிருக்கிற முழுப் பெயர்: எமிலியானுஸ், சாப்பிட வா! இந்த மூன்றாவது அழைப்புக்குத்தான் அந்த மனிதர் வந்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாள் எமிலியானுஸ் கதவுச் சங்கிலியைப் போட்டுவிட்டு நின்றான், அன்றும் வந்தார். செத்தவர் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. எவர் என்பது தெரிய நாலு வருடம் பிடித்தது.

பயப்பட்டிருக்க வேண்டிய நாட்கள் அவை. ஆனால் இருவருக்கும் ஆவல்தான் வந்தது. தம்பி என்று கூப்பிட்டால் அவர் வருவதில்லை, எமில் என்றாலும் வருவதில்லை. எமிலியானுஸ் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிப் பார்த்தான், ஒருவரும் வரவில்லை. றோசாவின் குரலைத் தொலைபேசியில் பதிந்து போட்டார்கள், அதற்கும் வரவில்லை. இடியாப்பத்தை அவர் இழை எண்ணிப் பிரிப்பதைப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் கொடுத்த பீட்சாவை வைத்தபோது அதிகம் யோசிக்காமல் வெட்டினார். எவ்வளவு குவித்து வைத்தாலும் நாலு பங்குதான், சாப்பிடுவது சிறியதைத்தான். ஒரு நாள் மட்டும், ஒன்றும் சமைக்காமல் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க, றோசா வெறும் மேசையை வைத்துக்கொண்டு மூன்றாவது அழைப்பை விடுத்தாள். அவர் வந்தார். மேசையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு, ஏதோ தன்னுடைய பிழை என்பதுபோல, வெகுநேரம் இருந்தார். றோசாவுக்கு முகம் எரிந்தது. அப்படிப்பட்ட சோதனையை அவள் பிறகு ஒரு நாளும் செய்யவில்லை. காய்ச்சல் என்றாலும் எழும்பிக் கஞ்சியாவது வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டாள்.

செய்தி பியர்பொன்ட்ஸில் இருந்த பிலோமினம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் றோசாவின் தாய்க்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. மாதா கோயிலில் செபமாலைக் கூட்டத்தை நடத்துகிறவர். ரயிலும் பஸ்சும் மாறி வந்து, கோட்டையும் கழற்றாமல், கதிரையைச் சுற்றி மூன்று தரம் நடந்து பார்த்தார்.

"பிள்ளை, இது உத்தரிக்கிற ஆத்துமம். மூண்டு பூசை ஒப்புக்குடு, போயிடும்."

"சின்னம்மா, அவர் பூசைக்கு வரேல்லை. புட்டுக்கு வந்தவர்" என்றான் எமிலியானுஸ்.

"நீ வாயை மூடு. உனக்குக் கலியாணம் சரிவராததும் உதாலைதான்."

பெயர் தெரியாத ஆத்துமத்துக்காக என்று மூன்று பூசை ஒப்புக்கொடுத்தார்கள். அவர் வந்துகொண்டுதான் இருந்தார். பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு வீட்டை மந்திரித்தார்கள். சுவாமி செபம் சொல்லும்போது அந்த மனிதர் எழும்பி நின்று சிலுவை அடையாளம் போட்டார். ஆனால் இடத்தோளுக்கு முதல் வலத்தோளைத் தொட்டார். பிலோமினம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியே, தலைகீழாப் போடுறார்!" சுவாமி மட்டும் சிரித்துவிட்டு, கிழக்கு ஐரோப்பாவில் சில திருச்சபைகளில் அப்படித்தான் போடுவார்கள் என்று சொல்லி, தனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னார்.

2005 மார்ச் மாதம், கட்டடத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இடத்தில், றோசா மதாம் ஹன்னாவைக் கண்டாள். மதாம் ஹன்னா மூன்றாம் மாடியில், றோசாவின் வீட்டுக்கு நேர் மேலே, தனியாக இருந்தாள். அவளுக்கு எழுபத்தேழு வயது. படியில் கண்டால் போன்ஜூர், அதற்கு மேல் கதை இல்லை. அன்று அவள் ஒரு வெள்ளைக் கம்பளிச் சட்டையைத் தொட்டியில் போட்டு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சட்டையின் வலதுபக்கப் பையைச் சுற்றி மஞ்சளாக ஒரு பெரிய கறை. மஞ்சள் கறையை எந்த நாட்டில் கண்டாலும் அடையாளம் தெரியாதவளா றோசா? அது தேங்காய்ப்பாற் சொதிக் கறை. "மதாம், இது தோய்ச்சால் போகாது, வெயிலில் போட வேண்டும்" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். மதாம் ஹன்னா நிமிர்ந்து, றோசாவின் உடுப்பிலிருந்து வந்த சமையல் மணத்தை மூக்கால் இழுத்தாள். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"உங்கள் வீட்டுச் சாப்பாடா? ஒக்டோபரிலிருந்து வருகிறது. ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு. பையில் கை வைத்தால் சூடாக இருக்கிறது."

"நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லையா?"

"சாப்பாடு இருக்கிறது என்று வெளியே சொன்னால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்றாள் மதாம் ஹன்னா. பிறகு, "நல்ல சாப்பாடு. மீன் நாட்களில் மட்டும் உறைப்பு அதிகம்" என்றாள்.

அன்றிலிருந்து றோசா மிளகாய்த்தூளைக் குறைத்தாள். செத்தவருக்கும் மேல்வீட்டுக்காரிக்கும் பார்த்துப் பார்த்துச் சமைக்கிற வீட்டில் உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் ஒன்றுமில்லை என்று எமிலியானுஸ் ஒரு மாதம் முணுமுணுத்தான். மூன்று பங்கில் ஒன்று மேல்மாடிக்குப் போகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. மற்ற இரண்டும் எங்கே போயின என்பது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. எவருக்கு என்று பிரித்தாரோ அவர்களிடம் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை மதாம் ஹன்னா கீழே வந்தாள். றோசா கூப்பிட்டாள், அவர் வந்து இருந்தார். மதாம் ஹன்னாவின் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. அவள் கண்டது, தட்டில் இருந்த புட்டு தானாகவே நாலாக விலகியதை மட்டும்தான். ஆனால் விலகிய விதத்தை அவள் கண்டாள்: உள்ளங்கை ஓரத்தால் அழுத்தி வெட்டிய கோடு, மூன்று பெரிது, ஒன்று சிறிது. அவளுடைய பை சூடாகியது. அதை வெளியிலிருந்து பொத்திப் பிடித்துக்கொண்டு, தாத்தோ, என்றாள். அந்த ஒரு சொல்தான். பிறகு எழும்பி, றோசாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

"மதாமின்ரை தாத்தாவாம்" என்றாள் றோசா.

"முப்பத்துநாலு வயசிலை தாத்தாவோ?"

"செத்தவைக்குப் பேந்து வயசு போறேல்லைத்தானே. இந்த மனிசிதான் கிழவியாப் போச்சு."

அது எமிலியானுஸுக்கும் சரியாகத்தான் பட்டது. இப்படியே மூன்று வருடத்துக்கு மேல் போயிற்று. மதாம் ஹன்னா வெள்ளிக்கிழமைகளில் வந்து கண்ணுக்குத் தெரியாதவருக்கு எதிரே இருந்துவிட்டுப் போவாள். றோசாவும் அவளோடு கதைக்கும்போது அந்தச் சொல்லையே பாவித்தாள்: தாத்தோவுக்கு இன்று நண்டு, தாத்தோவின் கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும், மரித்த ஆத்துமாக்களின் மாதத்தில், மதாம் ஹன்னாவின் தாத்தாவுக்காக என்று மாதா கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தாள். எமிலியானுஸுக்கு முதுகு பிடித்து இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. றோசா கதிரை உறைகளை மாற்றினாள். பீட்சாத் தொழிற்சாலை கைமாறியது. அவர் ஆறேகாலுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்.

2008 மே மாத முடிவில், உக்ரேனில் 1932இலும் 33இலும் நடந்தது இனப்படுகொலை என்று ஒட்டாவாப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, நவம்பர் மாதத்து நாலாவது சனிக்கிழமையை நினைவு நாளாக்கியது. இலையுதிர் காலத்தில் மதாம் ஹன்னா ஒரு படிவத்தைக் கொண்டு வந்து றோசாவின் மேசையில் வைத்தாள். அவளுக்கு எண்பது வயதாகியிருந்தது. கை நடுங்கியது, கண்ணும் மங்கல். நவம்பர் இருபத்திரண்டாம் திகதி றோஸ்மொன்ட் பக்கத்தில் இருந்த அவர்களுடைய கோயிலில் பட்டினியால் செத்தவர்களின் பெயர்களை வாசிக்கப் போகிறார்கள், அதற்குப் பெயர் கொடுக்க வேண்டும், எழுதித் தா என்றாள். படிவம் முழுக்க உக்ரேன் எழுத்து. மதாம் ஹன்னா அதை மூக்கில் முட்டக் கொண்டுபோய் வாசித்தாள்.

"பஞ்சமோ? மழை பெய்யவில்லையா?" என்று றோசா கேட்டாள்.

"மழை பெய்தது. கோதுமை இருந்தது" என்றாள் மதாம் ஹன்னா. "அரசாங்கத்து ஆட்கள் வீட்டுக்குள் வந்தார்கள். இரும்புக் கம்பியால் நிலத்தைக் குத்திப் பார்த்தார்கள், சுவரைக் குத்திப் பார்த்தார்கள். அடுப்பில் இருந்த அவரையையும் சட்டியோடு கொண்டுபோனார்கள். ஊரைவிட்டு வெளியே போகவும் விடவில்லை. அதற்கு நாங்கள் ஹொலொடொமோர் என்று சொல்லுவோம். பசியால் கொல்லுவது."

எமிலியானுஸ் கதவுநிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றான். அரசாங்கம் தடை போட்டு யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெயும் மாவும் விடாத வருடங்களில் அவன் இளந்தாரி. "அக்கா, இது பஞ்சமில்லை. தடை" என்றான் தமிழில். பிறகு, "தடையிலும் மோசம்" என்றான்.

மதாம் ஹன்னா அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். தாத்தோ ரொட்டி தேடிப் போனார், வரவில்லை. தொட்டிலில் இருந்த தம்பிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அவன் செத்தான். அம்மா அவளை நகரத்து ரயில் நிலையத்தில் ஒரு வாங்கில் இருத்திவிட்டுப் போனாள். பிறகு அம்மாவும் இல்லை. அனாதை விடுதியில் அவளுக்கு வேறு குடும்பப் பெயர் எழுதினார்கள். பதினாலு வயதில் ஜேர்மன்காரர் பிடித்துக்கொண்டுபோய் வேலை வாங்கினார்கள், இருபத்தொரு வயதில் கப்பல் ஏறி மொன்றியலுக்கு வந்தாள். இதையெல்லாம் சந்தைக்குப் போய் வந்த கதைபோலச் சொன்னாள். படிவத்தின் முதல் கேள்விக்கு வந்தபோதுதான் அவளுடைய குரல் இறங்கியது. முதல் கேள்வி, பெயர்.

"தாத்தோவின் பெயர் என்ன?" என்றாள் றோசா, பேனையைப் பிடித்துக்கொண்டு.

"எனக்கு அப்போது ஐந்து வயது. தாத்தோ, தாத்தோதான். வேறு பெயர் இருந்தது என்று எனக்குத் தெரியாது."

பெயர் இல்லாத படிவத்தை வாசிக்க முடியாது என்று கோயிற் செயற்குழுவில் அன்பாகத்தான் சொல்லியிருந்தார்கள். பெயர் தெரியாதவர்களுக்காகக் கடைசியில் ஒரு நிமிட மௌனம் இருக்கிறதாம். "எழுபத்தைந்து வருடமாக அவருக்கு மௌனம்தானே கொடுத்தோம்" என்றாள் மதாம் ஹன்னா. "ஒரு தரம், ஒரேயொரு தரம், யாராவது சத்தமாக அவரைக் கூப்பிட வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் எனக்குப் போதும்." பட்டியல் புதன்கிழமை, நவம்பர் பத்தொன்பதாம் திகதி மூடப்படும். றோசா படிவத்தை வாங்கி நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தாள். அந்தக் கிழமை முழுக்க, அவர் வந்து இருக்கும்போதெல்லாம், உங்கட பேர் என்ன என்று தமிழில் கேட்டாள், பிரெஞ்சில் கேட்டாள், நெஞ்சில் கை வைத்து றோசா, றோசா என்று காட்டிக் கேட்டாள். அவர் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் புட்டைப் பிரித்தார்.

பதினெட்டாம் திகதி செவ்வாய்க்கிழமை எமிலியானுஸ் வேலையால் பிந்தி வந்தான், படுக்கப் போகவில்லை. நேரே குசினிக்கு வந்து, சட்டி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, எங்களோடை நீர்கொழும்புப் பெடியன் ஒருத்தன் வேலை செய்யிறான். இண்டைக்குச் சாப்பாட்டு நேரம் அவன்ரை சின்ன மகள் ரெலிபோன் எடுத்தது. தாத்தே, தாத்தே எண்டு ஒரே கத்து. சிங்களத்திலை தாத்தா எண்டால் அப்பா."

"அதுக்கு?"

"இந்த மனிசியும் அப்பாவைத்தான் சொல்லுதோ?"

"விசர்க் கதை கதையாதை. உக்ரேனிலை ஆர் சிங்களம் கதைக்கிறது?"

"நாலு பங்கை யோசிச்சுப் பார். தனக்கொண்டு, பெண்சாதிக்கொண்டு, தொட்டில் பிள்ளையின்ரை பேரிலை ஒண்டு, மற்றது மேல்மாடிக்குப் போகுது. தாத்தாவோ பிரிப்பார்? முப்பத்துநாலு வயசு, அக்கா!"

றோசா அகப்பையைக் கீழே வைத்தாள். மூன்று வருடமாக ஒரு தகப்பனுக்குத் தாத்தா முறையில் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறாள். சுவாமிக்கு என்னவென்று சொல்வது, கடவுள்தான் அதை யாருடைய கணக்கில் வைத்தாரோ. வெட்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அப்பாவோ தாத்தாவோ, பெயர் இன்னும் தெரியாது, பட்டியல் நாளைக்கு மூடிவிடும். எரிச்சல் வந்தால் அவள் கை தானாகவே சட்டியில் தட்டும், வாய் தானாகவே திறக்கும். மணியும் ஆறேகால்.

"எமிலியானுஸ், சாப்பிட வா!"

"என்ன கத்துறாய்? நான் உன்ரை காதுக்குப் பக்கத்திலை நிக்கிறன். ஆரைக் கூப்பிடுறாய்?"

மேசையில் அந்த மனிதர் வந்து இருந்தார்.

றோசா தம்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நாலு வருடமாக அவள் கூப்பிட்டது ஒருவனை, வந்தது இருவர். ஒருவரும் பிழையாக வரவில்லை. அவள் மேசைக்குக் கிட்டப் போய்க் குனிந்து, சத்தம் போடாமல், முதல் தரமாகத் தம்பியை நினைக்காமல் அந்தப் பெயரைச் சொன்னாள்.

"எமிலியானுஸ்?"

அவர் தலையை நிமிர்த்தினார். தெருவில் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்த மனிதரும் எப்படி நிமிர்வாரோ அப்படி.

குருநகரில் எமிலியானுஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவாமி, திருச்சபை நாட்காட்டியில் அந்த நாளுக்குரிய புனிதரைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் பெயரை வைத்துப் பொடியங்கள் பண்ணின பகிடி கொஞ்சமில்லை. உக்ரேனில் ஏதோ ஒரு ஊரிலும் ஒரு சுவாமி அதே மாதிரி நாட்காட்டியைப் புரட்டியிருக்க வேண்டும். அவருக்குத் தட்டை வைத்துவிட்டு, இருவரும் அடுப்பை அணைக்காமலே மேல்மாடிக்கு ஓடினார்கள். மதாம் ஹன்னா கதவைத் திறந்தாள், ஒரு கை சட்டைப் பையின் சூட்டில் இருந்தது. றோசா பெயரைச் சொன்னாள். மதாம் ஹன்னா அதை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் உருட்டிப் பார்த்தாள். "எமிலியானுஸ்... எமிலியான்... எங்கள் பக்கம் ஒமெல்யான்" என்றாள். ஒமெல்யான் என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு நின்றாள். அதன் பிறகு அவளுடைய வாயிலிருந்து வந்த குரல் எண்பது வயதுக் குரல் அல்ல. வாசலில் நின்று முற்றத்தைப் பார்த்துக் கூப்பிடும் ஓர் இளம் பெண்ணின் குரல்; கொஞ்சம் கோபமும் நிறைய வாஞ்சையும். "ஒமெல்கு! ஒமெல்கு!" அதற்குப் பிறகு உக்ரேன் மொழியில் வேறொரு சொல். அந்தக் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. நாலாம் மாடியில் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா கூப்பிடுகிறாள்" என்றாள் மதாம் ஹன்னா, தன் சொந்தக் குரலில். "சாப்பிடக் கூப்பிடுகிறாள்."

படிவத்தை அவள் எழுதித் தரச் சொல்லவில்லை. தானே நடுங்கி நடுங்கி, ஒரு பெயரை எழுத இருபது நிமிடம் எடுத்தாள். ஊர் என்ற இடத்தில், முசுக்கட்டை மரம் நின்ற கிணற்றடி என்று எழுதினாள். வேறொன்றும் அவளுக்குத் தெரியாது. எமிலியானுஸ் அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் மெத்ரோ எடுத்துப் போய்ப் படிவத்தைக் கையிலேயே கொடுத்தான்.

சனிக்கிழமை பிற்பகல் மெல்லிய பனி கொட்டியது. மதாம் ஹன்னாவை நடுவில் விட்டு றோசாவும் எமிலியானுஸும் போனார்கள். பிலோமினம்மாவும் வந்திருந்தார், பிறருடைய கோயிலில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சொன்னாலும், கையில் செபமாலை இருந்தது. எல்லோருக்கும் ஒரு மெழுகுதிரி கொடுத்தார்கள். வாசித்தவர் கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவர் முதலாவது பெயரை வாசித்ததும் பக்கக் கதவால் ஒரு பெண் உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். இரண்டாவது பெயருக்கு இரண்டு கிழவர்கள் வந்தார்கள், அந்தப் பெயர் இரண்டு பேருக்கும் பொதுவாயிருந்தது. ஆசிரியர் வாசித்துக்கொண்டு போனார். காலில் துணி சுற்றியவர்களும், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்களும், வயிறு ஊதிய சிறுமிகளும் பனியைத் தட்டாமல் வந்தார்கள். தட்டுவதற்கு அவர்கள்மேல் பனி இருக்கவில்லை. வாங்குகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு நெருங்கி இருந்து இடம் கொடுத்தார்கள். கோயிற் பணியாளர் நிலவறைக்குப் போய் மடிப்புக் கதிரைகளைக் கொண்டுவந்தார். அவையும் போதவில்லை. அடுத்த வருடத்திலிருந்து செயற்குழு இருநூறு கதிரை வாடகைக்கு எடுக்கிறது. அன்று அதற்கு ஆயத்தம் இருக்கவில்லை. இளம் ஆட்கள் எழும்பி நின்றார்கள்.

"என்ரை ஆண்டவரே, இவ்வளவு சனத்துக்கும் ஆர் சமைச்சது?" என்று பிலோமினம்மா றோசாவின் காதுக்குள் கேட்டார். எமிலியானுஸ் தன் கதிரையை, இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தூணோடு சாய்ந்தான்.

ஒமெல்யான், என்று ஆசிரியர் வாசித்தார். குடும்பப் பெயர் இல்லாததால் கொஞ்சம் நிறுத்தி, ஊரையும் எழுதியிருந்தபடியே வாசித்தார்: முசுக்கட்டை மரம் நின்ற கிணற்றடி. றோசாவுக்குத் தெரிந்த கோட்டும் கயிறும் நடுப்பாதையால் வந்தன. அவர் இந்தத் தடவை றோசாவைப் பார்க்கவில்லை. மதாம் ஹன்னா தலையைத் திருப்பி, கீழிருந்து மேலாக அவரை முழுவதும் பார்த்தாள். பார்க்கிறாள் என்பது றோசாவுக்குத் தெரிந்தது. பிறகு, பஸ்சில் பக்கத்து இருக்கையைக் காலி செய்வதுபோல, தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். அவர் இருந்தார். அவளுடைய நடுங்குகிற கையை எடுத்துத் தன்னுடைய இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாங்கில் இருந்த முதியவர் ஒருவர், மெழுகுதிரி வந்தவர்மேல் பட்டுவிடாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மதாம் ஹன்னாவிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லிவிட்டு, றோசாவுக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சில் திருப்பிச் சொன்னாள்.

"பேரனா என்று கேட்கிறார். இல்லை, அப்பா என்றேன்."

முதியவர் ஓம் என்பதுபோலத் தலையாட்டினார். ஆசிரியர் அடுத்த பெயரை வாசித்தார்.